மூன்று கிளிப் அடையாளம்

சென்னை
24-3-2003

பெறுநர்: துணி அறைப் பொறுப்பாளர், வெண்மதி நர்சிங் ஹோம், வேங்கிக்கால், திருவண்ணாமலை.

அம்மா / ஐயா,

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தயாரான நாற்பது தலையணை உறைகளைப் பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் டாக்டர் அவற்றை வார்டில் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவை சாதாரண உறைகள் அல்ல. இவற்றில் ஏற்றியிருக்கும் ரோஸ் சாயத்தின் மேல் வெளிச்சம் பட்டால், அது பக்கத்திலுள்ள பிராணவாயுவை உசுப்பிவிடும். உசுப்பிய பிராணவாயு துணியிலிருக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும். இருட்டில் இது வெறும் ரோஸ் துணிதான். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியத் தேவையில்லை, முப்பது துவையலுக்குப் பிறகும் வேலை செய்யும் என்பது எங்கள் நம்பிக்கை. அது உண்மையா என்று உங்கள் வார்டில்தான் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு உறைக்கும் ஓர் எண் உண்டு. ஓரத்தில் ஒரு முழ நீளத்தில் துணி வால் ஒன்று தைத்திருக்கிறோம். வாரம் ஒரு முறை வால் நுனியில் இரண்டு விரல் அகலம் வெட்டி, எண் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதில் கிருமியை விட்டு, சாகிறதா என்று பார்ப்போம்.

துவைத்தபின் எப்படி உலர்த்துவது என்பதை உங்கள் அலுவலகத்து ராஜேந்திரனிடம் போனில் சொல்லிவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
முனைவர் மா. தமிழ்செல்வி

*

திருவண்ணாமலை
7-4-2003

முனைவர் தமிழ்செல்வி அவர்களுக்கு,

'அம்மா / ஐயா' என்று எழுதியிருந்தீர்கள். ஐயா இல்லை, அம்மா. பெயர் ரேணுகாம்பாள். உங்கள் கணவர் மாறனின் அண்ணன் கலையரசனுக்கு வாழ்க்கைப்பட்டவள். மூன்று வருடமாக நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத அதே ஓரகத்தி. போன தை மாதத்திலிருந்து இங்கே துணி அறை என் பொறுப்பு. அண்ணனும் தம்பியும் போனில் கீழ்பென்னாத்தூர் நிலத்து மோட்டாரையும் மல்லாட்டை விளைச்சலையும் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்த 'நீங்கள்' எனக்கு வாயில் ஒட்டவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

முதலில், முப்பது துவையல் என்று எழுதியிருந்தாய். ராஜேந்திரன் அதைப் படித்துவிட்டு உன் கடிதத்தைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டார். சமையல்காரர் இரண்டு நாள் தேங்காய்க்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

இரண்டாவது இன்னும் மோசம். உன்னிடம் போனில் பேசிவிட்டு ராஜேந்திரன் வந்து, "லைட்டா காய வெச்சா போதுமாங்க்கா, அந்த மேடம் ரெண்டு தரம் சொன்னாங்க"ன்னார். படித்தவள் சொல்கிறாளே என்று நாங்களும் லைட்டாகவே காய வைத்தோம். பாதி ஈரத்தோடு மடித்து பீரோவில் அடுக்கினோம். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்த சந்திரம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். துவைப்பது அவள்தான். ஐந்தாம் பெட்டிலிருக்கும் ஜோதியம்மாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, தலையணக்குள்ள பழைய சோறு கீது வெச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க. கிருமி சாகும் என்று எழுதியிருந்தாய். இங்கே அது குடும்பத்தோடு குடியேறியிருக்கிறது.

ஆண்கள் ரோஸ் நிறத்தில் தலை வைக்கமாட்டோம் என்கிறார்கள். ஹெர்னியா ஆபரேஷன் ஆன லாரிக்காரர் ஒருவர், "பாக்க வர்றவன் என்னா நெனைப்பான்"னு உறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். திருப்பிப் போட்டாலும் ரோஸ்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. இதில் வால் வேறு.

சாயத்தைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு இன்னொரு விஷயமும் பாக்கி இருக்கிறது. ஆபீஸ் கடிதத்தில் வேண்டாம் என்று விடுகிறேன்.

ரேணுகாம்பாள்

*

சென்னை
11-4-2003

மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நடந்த குழப்பத்துக்கு வருந்துகிறேன்.

நான் சொன்னது 'லைட்டா' அல்ல. 'லைட்டில்'. வெளிச்சத்தில் காய வையுங்கள் என்றுதான் இரண்டு முறை சொன்னேன். லைன் சரியில்லை. ஈரமாக மடித்த உறைகளை மறுபடி சலவை செய்து (துவையல் என்று இனி எழுதமாட்டேன்) மாடியில், நேர் வெயிலில், இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு நல்லது.

போனில் இப்படி ஆனதால், எங்கள் துறைத் தலைவர் ராமகிருஷ்ணன் சார் இனி எல்லாம் எழுத்தில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நம் கடிதங்கள் ஒவ்வொன்றும் எண் போட்டுக் கோப்பில் வைக்கப்படும். அவரும் படிப்பார். ஆகவே துணியைப் பற்றி மட்டும் எழுதும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் பதினான்காம் தேதி மறு ஆய்வுக் கூட்டம். முப்பது சலவைக்குப் பிறகும் துணி வேலை செய்தால் திட்டம் தொடரும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள். என் வேலை இந்தத் திட்டத்தோடு கட்டியது.

முனைவர் மா. தமிழ்செல்வி

தனித் தாள் (இது கோப்பில் போகாது):

அக்கா, நீங்கள் அங்கே இருப்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஊருக்கு அனுப்பியிருப்பேன். தப்பாக எழுதிவிட்டேனோ. உங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன் என்று சொல்ல வந்தேன். அந்த இன்னொரு விஷயத்தில் நான் அன்று சொன்னதுதான் இன்றும். சேலை என் கைக்கு வரும்போதே மடிப்பில் வெளுத்திருந்தது. பேசாமல் போனது நீங்கள்தான், நான் இல்லை.

*

திருவண்ணாமலை
19-4-2003

தமிழ்செல்விக்கு,

கடிதமெல்லாம் கோப்பில் வைப்பார்களாமே. ரொம்ப நல்லது. இந்த விஷயத்தை எழுத்தில் வைக்க மூன்று வருடமாக ஆள் தேடிக்கொண்டிருந்தேன். ராமகிருஷ்ணன் சார் அவர்களுக்கு என் வணக்கம். இதற்கும் ஒரு எண் போட்டுவிடுங்கள்.

சார், உங்கள் தமிழ்செல்வி டாக்டர் பட்டம் வாங்கப் போன அன்று கட்டியிருந்தது என் சேலை. ஆரணிப் பட்டு, மாம்பழக் கலர், அரக்கு பார்டர். நான் ஒரே ஒரு முறைதான் கட்டியிருந்தேன். தங்கச்சிக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது என்று பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பட்டம் எதில் என்றால் சாயத்தில். துணியில் சாயம் எப்படி நிற்கும், எப்படிப் போகும் என்பதில். விருந்தில் பாயசம் கொட்டியது, கொட்டட்டும், எனக்குக் கொட்டாத பாயசமா. ஆனால் சேலை திரும்பி வந்தபோது ஒரு பக்கம் மாம்பழம், ஒரு பக்கம் மாங்கொட்டை. முந்தானையில் மட்டும் மூன்று இடத்தில் விரல் அகலத்துக்குப் பழைய கலர் பளிச்சென்று இருந்தது. அந்த மூன்று இடமும் கிளிப் போட்ட இடம் என்று துணி துவைக்கிற எவளுக்கும் தெரியும். வெயிலில் போட்டாயா என்று கேட்டேன். வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றாள். வெளுத்தது போகட்டும் சார், அந்தப் பதிலைத்தான் என்னால் மடித்து வைக்க முடியவில்லை.

இப்போது அதே கை எனக்கு எழுதுகிறது, சாயத் துணியை மாடி வெயிலில் போடு என்று. சந்திரம்மாளிடம் சொன்னேன். "சாயத் துணிய நெழல்லதான் போடணும், இது கூடவா அந்தம்மா படிக்கல"ன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னை விட்டுக் கொடுக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் வார்டு நிரம்பிவிட்டது. பகல் சூட்டிலேயே மலை சுற்றப் புறப்பட்டு, அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் உள்ளங்கால் கொப்பளித்துப் போனவர்கள். பேப்பரில் வேறு சார்ஸ், சார்ஸ் என்று தினமும் எழுதுகிறார்கள், வருகிறவர்களெல்லாம் கிருமி கிருமி என்று பயந்துகொண்டே படுக்கிறார்கள். இது கிருமி தின்னும் உறை என்று சொன்னதும் ரோஸ் கலருக்கு அடிதடி.

வால் நுனிகள் நாற்பதும் இத்துடன்.

ரேணுகாம்பாள்

*

சென்னை
26-4-2003

மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் 19-4 கடிதம் கோப்பில் நான்காம் எண்ணாகச் சேர்க்கப்பட்டது.

ராமகிருஷ்ணன் சார் அதை டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது படித்தார். "அந்தம்மா சேல மாம்பழக் கலரா"ன்னு கேட்டார். ஆமாம் சார் என்றேன். "மாம்பழக் கலர் வெயில் பட்டாத்தானே போகும்"னு சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நான் என் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

முடிவு நன்றாக இருக்கிறது. நாற்பது நுனியிலும் விட்ட கிருமி அரை மணி வெளிச்சத்தில் செத்துவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்காக நான்கு வருடம் உழைத்திருக்கிறேன்.

கோப்புக்காக ஒன்று தேவைப்படுகிறது. நாற்பது உறைகளும் மாடியில், நேர் வெயிலில்தானே காய்கின்றன? ஆம், இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

முனைவர் மா. தமிழ்செல்வி

*

திருவண்ணாமலை
12-5-2003

தமிழ்செல்விக்கு,

கேட்டபடி ஒரு வரி: ஆம்.

மற்றபடி இங்கே அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிறது. மாடித் தரையில் கால் வைத்தால் தோல் உரிந்துவிடும். சந்திரம்மாள் துணி காயப்போடப் போகும்போது இரண்டு காலிலும் சாக்கு கட்டிக்கொண்டு போகிறாள். காற்றும் ஜாஸ்தி. அதனால் வாலின் அடியில், தையல் தடிப்பாக இருக்குமே, அந்த இடத்தில் கிளிப் போட்டுவிடுகிறாள். வால் வைத்த பயன் இப்போதுதான் தெரிகிறது என்கிறாள்.

அந்த லாரிக்காரர் டாக்டரிடம் மறுபடி காட்ட வந்திருந்தார். தன் வண்டிக்கு அதே ரோஸ் உறை இரண்டு கிடைக்குமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். வியர்வை நாற்றமே இல்லையாம். வால் வேண்டாம், வெட்டிவிட்டால் போதும் என்றார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி. அத்தை நன்றாக இருக்கிறார்கள். மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. தம்பிக்குச் சொல்லிவிடு. ஏரியில் தண்ணீர் இல்லை. கேன்டீன் சமையல்காரர் வேலையை விட்டுவிட்டார், அதற்கும் துவையலுக்கும் சம்பந்தம் இல்லை. டாக்டர் புது ஸ்கூட்டர் எடுத்திருக்கிறார், பச்சைக் கலர்.

வால் நுனி நாற்பது இத்துடன்.

ரேணுகாம்பாள்

*

சென்னை
20-5-2003

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பொறுப்பாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்தேன். மூன்று தாள் கிழித்த பிறகு இப்படி எழுதுகிறேன்.

ஆறாவது வாரத்து நுனிகளில் ஒன்று முதல் இருபது வரை அநேகமாக வெள்ளை. கிருமி அவற்றின் மேல் கொழுத்து வளர்கிறது. இருபத்தொன்று முதல் நாற்பது வரை ரோஸ் அப்படியே இருக்கிறது, கிருமி ஒன்றுகூட இல்லை. நாற்பதுக்கும் ஒரே நாளில், ஒரே தொட்டியில் சாயம் ஏற்றியவள் நான்.

ராமகிருஷ்ணன் சார் கோபக்காரர் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. "ஒரே துணி, ஒரே சாயம், ஒரே வெயில். பாதி மட்டும் எப்படிம்மா சாவும்"னு அமைதியாகக் கேட்டார். இரண்டாவது இருபதை நான் இங்கே புதிதாகச் சாயம் ஏற்றி மாற்றி வைத்துவிட்டேன் என்று ஆய்வுக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். வேலை போவதை ஒரு மாதிரி தாங்கிக்கொள்வேன், அக்கா. கள்ளக் கணக்கு எழுதியவள் என்று பெயர் வந்தால் இனி எந்த ஆய்வுக்கூடமும் என்னைச் சேர்க்காது. பதில் சொல்லப் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்.

மீதி இருந்த வால்களை அடியோடு வெட்டி அனுப்பும்படி ராஜேந்திரனிடம் சொல்லியிருந்தேன். (இந்த முறை சரியாகக் கேட்டுக்கொண்டார்.) நேற்று வந்தன. ஒன்று முதல் இருபது வரை ஒவ்வொரு வாலின் அடியிலும், விரல் அகலத்துக்கு, ஒரு கிளிப் அடையாளம். சுற்றிலும் வெள்ளை, கிளிப் பிடித்திருந்த இடம் மட்டும் ரோஸ். அதை மட்டும் வெட்டிச் சோதித்தேன். அங்கே கிருமி சாகிறது.

இருபத்தொன்று முதல் நாற்பது வரை கிளிப் அடையாளமே இல்லை.

வெயிலில் கிளிப் போட்ட துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். கண்ணை மூடினாலும் தெரிகிறது.

அந்த இருபதும் எங்கே காய்ந்தன, அக்கா?

தமிழ்செல்வி

*

திருவண்ணாமலை
24-5-2003

தமிழ்,

பின்கட்டு வராந்தாவில்.

இதை உடனே எழுதிவிட்டேன், மீதியை மெதுவாகப் படி. உன் கடிதம் மத்தியானம் வந்தது. படித்ததும் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. அதைக் கோப்பில் முதலில் வை. உன்மேல் தவறில்லை என்று அதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். நீ சொன்னபடி நாற்பதையும் மாடியில்தான் போட்டோம், மூன்று சலவை வரைக்கும். மூன்றாம் நாள் எடுக்கப் போனேன். என் கண் முன்னாலேயே கலர் போய்க்கொண்டிருக்கிறது. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீ பெரிய படிப்பு படித்தவள், ஊர்க்காரிக்கு என்ன தெரியும் என்று எழுதுவாய், அதை ராமகிருஷ்ணன் சார் டீ குடித்துக்கொண்டே படிப்பார் என்று தோன்றியது. எழுதவில்லை. சந்திரம்மாள், "பாதிய அந்தம்மா சொன்னபடி போடலாம், பாதிய மனுஷங்க போடற மாதிரி போடலாங்க்கா"ன்னாள். சரி என்றேன். ஒன்றிலிருந்து இருபது வரை உனக்கு, மீதி எங்களுக்கு. வராந்தாவில் காற்றடிக்காது, கிளிப் தேவையில்லை. நிழல் என்றால் இருட்டு என்று நினைக்காதே. எதிரே வெறும் முற்றம், அங்கே உட்கார்ந்து பேப்பரில் வரன் தேவை விளம்பரம் வரைக்கும் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

நீ கேட்டபோது ஆம் என்று எழுதினேன். பொய். அதற்குப் பிறகு ஒரு பக்கம் மோட்டாரும் ஸ்கூட்டரும் எழுதியது அதனால்தான். மாடித் துணி வெள்ளையாக ஆக ஆக எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். வெயில் உன்னை இரண்டாம் முறை காட்டிக் கொடுக்கிறது என்று நினைத்தேன். உனக்கு இப்படி ஒரு பெயர் வரும் என்று தெரிந்திருந்தால் அன்றே பஸ் ஏறி வந்திருப்பேன். இன்றைக்கும் வருகிறேன், சொல். அந்த சார் முன்னால் நின்று நான்தான் செய்தேன் என்று சொல்கிறேன்.

ஐந்து வாரம் இதை மறைத்து வைத்திருந்ததற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ மூன்று வருடம் எப்படி இருந்தாய் என்று தெரியவில்லை. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. கிளிப்பைப் பற்றி நீயே எழுதிவிட்டாய்.

அக்கா

*

சென்னை
16-6-2003

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முன்தினம் கூட்டம் முடிந்தது. திட்டம் இன்னும் இரண்டு வருடத்துக்குத் தொடர்கிறது. என் வேலையும் அதோடு தொடர்கிறது.

டாக்டரின் தாளையும் உங்கள் கடிதத்தையும் ராமகிருஷ்ணன் சாரிடம் கொடுத்துவிட்டு எதிரே நின்றேன். இரண்டு முறை படித்தார். "ஒப்பிட்டுப் பாக்க ஒரு பாதி வேணும்னு முதல் வருஷத்துப் பசங்களுக்கே சொல்லித் தர்றோம். நீ வெக்க மறந்துட்ட. அந்தம்மா வெச்சிருக்காங்க"ன்னார். ஆம் என்று எழுதியதை மட்டும் அடிக்கோடிட்டார். பிறகு, சந்திரம்மாள் என்பவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்டார்.

விஷயம் இதுதான், அக்கா. மே மாத வெயில் ஜாஸ்தி. சாயம் உசுப்பிவிட்ட பிராணவாயு கிருமி போதாமல் கடைசியில் சாயத்தையே தின்றிருக்கிறது. வராந்தா வெளிச்சம் கிருமிக்குப் போதும், சாயத்துக்கும் கெடுதல் இல்லை. முப்பது சலவை தாண்டியும் உங்கள் இருபதும் வேலை செய்கின்றன. எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு நல்லது என்று நான் எழுதியது தவறு. அடுத்த பார்சலில் வரும் குறிப்பில் 'வெளிச்சமான நிழலில் உலர்த்தவும்' என்று அச்சடித்திருக்கிறோம். லைட் என்ற சொல்லே அதில் இல்லை.

கூட்டத்தில் கொடுத்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மாதிரிகளின் அட்டவணை அது. ஒன்றில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் பூஜ்யத்தில் ஆரம்பித்திருக்கிறேன். ராமகிருஷ்ணன் சார் அதைப் பார்த்தார், அடிக்கவில்லை. கூட்டத்தில் அதை நான் வாய்விட்டுப் படித்தேன்.

'மாதிரி எண் 0: ஆரணிப் பட்டுச் சேலை, மாம்பழ நிறம், அரக்கு பார்டர். உரிமையாளர் திருமதி ரேணுகாம்பாள். பெறும்போது நிலை: குறை எதுவும் இல்லை. பிப்ரவரி 2000இல் ஆய்வாளரால் சலவை செய்யப்பட்டு, மொட்டை மாடியில், நேர் வெயிலில், காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை மறந்து விடப்பட்டது. முடிவு: வெளுத்தது. முந்தானையில் மூன்று கிளிப் அடையாளம். காரணம்: ஆய்வாளர். இந்த முடிவு அப்போதே உரியவரிடம் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தெரிவிக்கப்படவில்லை.'

அன்று பட்டம் வாங்கி வந்த மறுநாள், அக்கா. கழுத்தில் மாலை வாடக்கூட இல்லை. சாயத்தில் டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மாடிக்குப் போய்ப் பார்த்தபோது அதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

தமிழ்

*

திருவண்ணாமலை
30-6-2003

என் தமிழுக்கு,

அறிக்கைப் பக்கம் வந்தது. படித்துவிட்டு வேலை இருக்கிற மாதிரி துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்கள் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். "காரணம் ஆய்வாளர்னு எழுதியிருக்காளே, யாரு அந்த ஆய்வாளர்"னு கேட்டார். அவரோடு இருபத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதற்கும் ஒரு பட்டம் கொடுக்கச் சொல்.

சந்திரம்மாளிடம் ராமகிருஷ்ணன் சார் கேட்டதைச் சொன்னேன். இரண்டு நாளாக ராஜேந்திரன் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

சேலையை நான் தூக்கிப் போடவும் இல்லை, பாத்திரக்காரனுக்குப் போடவும் இல்லை. மூன்று வருடமாக பீரோவில் சாட்சிக்காக வைத்திருந்தேன். நீ என்றைக்காவது இல்லை என்று சொன்னால் எடுத்துக் காட்ட வேண்டுமே. இப்போது அதுதான் எழுத்தில் வந்து, எண்ணும் போட்டாயிற்று. இனி பீரோவில் அதற்கு என்ன வேலை.

நேற்று டாக்டர் வீட்டுக் கிரகப்பிரவேசம், இங்கே வேங்கிக்காலில்தான். அதைக் கட்டிக்கொண்டு போனேன். வெளுத்த பக்கத்தை உள்ளே விட்டுக் கொசுவினேன். முந்தானையை மட்டும் மறைக்க முடியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. வந்த பெண்களெல்லாம் அந்த மூன்று இடத்தையே பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி வந்து, "இன்னாங்க்கா இது, முந்தானில புதுசா இருக்குது"ன்னு கேட்டாள். டிசைன் என்றேன். இன்னும் இரண்டு பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஆரணியில் எந்தக் கடை, யார் போட்ட டிசைன் என்று கேட்டார்கள்.

கடையில் கிடைக்காது, என் தங்கச்சி போட்டது, அவள் சாயத்தில் டாக்டர் என்று சொன்னேன்.

அக்கா